ஜனவரி ஒன்று

உலாவி என்று பெயர்.
உலாவமாட்டேன் என்று
காலையிலிருந்து குந்திக்கொண்டிருக்கிறது.
எந்தப் பக்கத்தைத் தட்டினாலும்
ஒரு சிவப்பு முக்கோணம், ஒரே பதில்:
இந்த இணைப்பை நம்ப ஒண்ணா.

நான் செய்யாதது இல்லை.
ரவுட்டரைக் கழற்றிப் பூட்டினேன்.
கேபிள் முனையில் ஊதினேன்.
உள்ளே சேர்ந்த குப்பையெல்லாம் வழித்து எறிந்தேன்,
அதோடு மின்சார சபையின் கடவுச்சொல்லும் போனது.
உலாவியையே அழித்து
பென்டிரைவிலிருந்து புதிதாய் ஏற்றினேன்;
புதிதும் வந்து அதே இடத்தில்
அதே முகத்தோடு குந்தியது.
கம்பனிக்கு அழைத்தேன். சிங்களத்துக்கு ஒன்று,
தமிழுக்கு இரண்டு, பிறகு பாட்டு,
பாட்டு முடிய லைன் கட்.

கல்முனையில் கம்யூனிகேஷன் நடத்துகிறவளுக்கு
வாயால் சமாளிக்கத் தெரியும்.
"சேர்வர் டவுன்" என்று ஏழு பேரை அனுப்பிவிட்டேன்.
எட்டாவது யோகமலரக்கா. போகவில்லை.
பாண்டிருப்பிலிருந்து மகளோடு வந்து
ஃபைலை மடியில் வைத்தபடி
பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்துவிட்டா.
அபிஷனாவுக்கு நேர்சிங் விண்ணப்பம்,
இன்று இரவு பன்னிரண்டோடு சரி.

கிரிதாஸ்தான் கண்டான், நகைக்கடைப் பொடியன்,
அடையாள அட்டையை ஃபோட்டோகொப்பி எடுக்க வந்தவன்:
"அக்கா, உங்கட கொம்பியூட்டர் எந்த உலகத்தில?
திகதியப் பாருங்க."

வலது மூலை. நாள் முழுக்க
என் கண்ணுக்கு நேரே:
2004, ஜனவரி 1.
முக்கோணத்துக்குக் கீழே
சாம்பல் எழுத்தில் அதையேதான் எழுதியிருந்தது.
சாம்பல் எழுத்தை யார் வாசிக்கிறது.

பாவம், அதில் பிழையில்லை.
வருகிறவன் எல்லாம்
இன்னும் பிறக்காத ஆண்டின் சான்றிதழை நீட்டினால்
வாசல் காவல்காரன் என்ன செய்வான்?

"பவுன் பத்தாயிரம் வித்த காலம்,
அப்படியே விடுங்க, வாங்கிப்போடுவம்" என்றான்.
சிரித்துக்கொண்டே திகதியைத் திருத்தினேன்.
பூட்டுச் சின்னம் வந்தது. பக்கம் திறந்தது.
பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம்,
பிறந்த திகதி 2005 ஒக்டோபர் என்று தட்டி முடிய
கரண்ட் போனது.

பதினைந்து நிமிடம் கழித்து வந்தது.
திரையும் வந்தது. மூலையில்
மறுபடியும் புதுவருசம்.
நேரத்தைக் காக்கிற பற்றரி
பெட்டிக்குள்ளே செத்துக் கிடக்கிறது.

அப்போதுதான் யோகமலரக்கா எழும்பி வந்து
திரைக்குக் கிட்டக் குனிந்தா.
"ஜனவரியாகா?"
"ஓம்."
"அப்ப இவள் பொறக்கல்ல.
பொடியனுகள் ரெண்டு பேரும் இருக்கானுகள்."

இருந்தானுகள் என்று சொல்லவில்லை.
அபிஷனா ஃபோனிலிருந்து தலை நிமிர்த்தவில்லை.
நான் மாதங்களை மனசுக்குள் எண்ணிப்போய்
டிசம்பரில் நின்றேன்,
மவுஸில் வைத்த கை வைத்தபடி.
கிரிதாஸ் செருமினான்.

மறுகா அவவே சொன்னா:
"மாத்துகா. பன்னிரண்டுக்கு மூடிருவானுகள்."

மணிக்கூட்டுக் கடையில் சலாஹுதீன் நானா
ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.
குனிந்து நுழைந்து கேட்டேன்.
குத்திக்காசு போல ஒன்று, நூற்றெண்பது ரூபாய்.
பெட்டியின் விலாவைக் கழற்றி
கொண்டை ஊசியால் பழையதை நெம்பி
புதியதை அமர்த்தினேன்.

ஆண்டை ஒவ்வொன்றாகத்தான் ஏற்ற வேண்டும்.
மேல் அம்பை அழுத்த ஐந்து,
அழுத்த ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது,
அவ பக்கத்தில் நின்று பார்த்தா.
இந்த வருசம் வந்து சேரும் வரைக்கும்
யாரும் ஒன்றும் பறையவில்லை.

ஒன்பதேகாலுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.
பிரதி ஒன்று அச்சடித்துக் கொடுத்தேன்.
பற்றரிக் காசையும் எடு என்றா.
கொம்பியூட்டர் என்னுடையது என்றேன்.

பழைய பற்றரி லாச்சிக்குள்
சில்லறையோடு கிடக்கிறது.
நேற்று ஒருவருக்கு மிச்சக்காசாய்
கொடுக்கப் பார்த்தேன்.
எறிய வேண்டும்.
குப்பை வண்டி வியாழக்கிழமைதான் வரும்.